பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்



போன வாரம் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி சென்னையிலிருந்து போன் செய்தாள். "டீச்சர், இந்த வருஷம்தான் முதல் தடவையா எங்க வீட்டுல கொலு வைக்கப் போறேன். மடக்கி வைக்கிற இரும்புப் படி ஆன்லைன்ல கிடைக்குது. அதை வாங்கவா, இல்ல ஆசாரியைக் கூப்பிட்டு மரத்துல செய்யச் சொல்லவா?" என்று கேட்டாள். "எதுல வேணும்னாலும் வை. யாரைக் கூப்பிடப் போறேன்னு முதல்ல முடிவு பண்ணு" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். நான் சொன்னது அவளுக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. இந்தப் பதிவு அவளுக்கான பதில். முப்பத்து நான்கு வருஷம் வரலாறு நடத்திய வாய், சுருக்கமாகச் சொல்ல வராது. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வகுப்பில் செய்வது போல முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். கொலு என்றால் பொம்மை என்று பொருள் இல்லை. தெலுங்கில் 'கொலுவு' என்றால் அரசவை. தமிழிலும் அரசர் சபையில் வீற்றிருப்பதைத்தான் கொலுவீற்றிருத்தல் என்றார்கள். நம் மீனாட்சி அம்மன் கோயிலில் நவராத்திரி ஒன்பது நாளும் அம்மன் கொலு மண்டபத்தில் அலங்காரத்தோடு இருப்பாள். நாம் போய்ப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் செருப்பைத் தேடிவிட்டு வருவோம். அங்கே நடப்பது ஒரு ராணியின் தர்பார். பொம்மைக் கொலு அந்தத் தர்பாரை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு.

அரசர்கள் நவராத்திரியை எப்படிக் கொண்டாடினார்கள் என்பதற்கு நல்ல சாட்சி ஹம்பியில் இருக்கிறது. 1998இல் பள்ளிச் சுற்றுலாவில் என்னோடு வந்தவர்களுக்கு நினைவிருக்கும், மகாநவமி திப்பா என்ற பெரிய கல்மேடை. அடுக்கடுக்காக மேலேறும் அதன் பக்கங்களில் யானை, குதிரை, நடனப் பெண்கள், வேட்டைக் காட்சிகள். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520ஐ ஒட்டி அங்கே வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், ஒன்பது நாள் விழாவின் மல்யுத்தம், நடனம், வாணவேடிக்கை, குதிரை அணிவகுப்பு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். "டீச்சர், மேல ஒண்ணுமே இல்லையே, மொட்டையா இருக்கே" என்று உங்களில் ஒருவன் கேட்டான். மேலே இருந்தது மர மண்டபம். மரம் போய்விட்டது, கல் மட்டும் நிற்கிறது. ராயரின் கொலுவையும் ஏதோ ஒரு தச்சரின் கைதான் தாங்கிக்கொண்டிருந்தது. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

விஜயநகரத்தின் வழியாக வந்த நாயக்கர்களோடு அந்த விழாவின் மிடுக்கு மதுரைக்கு வந்தது. திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். அவருடைய கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை மதுரைப் பக்கம் வந்தபோது, சேதுபதி ரகுநாதத் தேவர் மறவர் படையோடு வந்து காப்பாற்றினார். அதற்கு நன்றியாக நாயக்கர் கொடுத்தவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 'திருமலை சேதுபதி' என்று தன் பெயரையே பட்டமாகக் கொடுத்தது. இன்னொன்று, மதுரையில் நடப்பது போலவே நவராத்திரி விழாவைத் தன் சீமையிலும் நடத்திக்கொள்ளும் உரிமை. யோசித்துப் பாருங்கள், நவராத்திரி கொண்டாடுவது ஒருவர் இன்னொருவருக்குத் தரும் உரிமையாக இருந்திருக்கிறது. அவையில் யார் உட்காரலாம், யார் நிற்கலாம், யார் வாசலோடு திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த உரிமைக்குள் அடங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி அரண்மனையை விட்டு வீட்டுக்கு வருவோம்.

வீட்டுக் கொலுவில் முதலில் படியேறுவது மரப்பாச்சி. எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும், ஒரு ஆண், ஒரு பெண். கல்யாணத்தின்போது பெண்ணுக்குத் தாய்வீட்டில் கொடுத்து அனுப்புவார்கள். புதுப்பெண் அந்த ஜோடியை வைத்துத்தான் தன் வீட்டில் கொலுவைத் தொடங்க வேண்டும். மரத்தால் செய்த பாவை நம் ஊருக்குப் புதிதில்லை. திருவள்ளுவரே மரப்பாவை என்ற சொல்லை இரண்டு குறள்களில் (1020, 1058) ஆள்கிறார். கயிற்றால் ஆட்டுவிக்கப்படும் பாவை அது. கொலு மரப்பாச்சிக்குக் கயிறு கிடையாது. உறுதியான செம்மரத்தில் கடைந்து, அசையாமல் நிற்கும். செம்மரம் விளைவது ஆந்திராவின் சேஷாசலம் பக்கத்து மலைகளில். அதனால்தான் திருப்பதிக்குப் போனவர்கள் மரப்பாச்சி வாங்கி வருவது வழக்கமாக இருந்தது. வெட்டு அதிகமாகி மரமே அருகிப்போய், 1995இல் செம்மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை வேறு மரத்தில் செய்து சிவப்புச் சாயம் ஏற்றியவை. உங்கள் பாட்டியின் மரப்பாச்சி வீட்டுப் பரணில் கிடந்தால் தயவுசெய்து பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள்.

மரப்பாச்சி தாய்வீட்டிலிருந்து வரும். படி வராது. அதைத் தம்பதிதான் செய்துகொள்ள வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொலுப்படி என்று தனியாக எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. கீழே டிரங்குப் பெட்டி, அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் மேசை, மேசைமேல் மண்ணெண்ணெய் டின், எல்லாவற்றின் மேலும் பலகை போட்டு வெள்ளை வேட்டியை விரித்தால் படி தயார். மகாளய அமாவாசைக்கு மறுநாளிலிருந்து விஜயதசமி வரை டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் துணியை எடுக்க முடியாது. அதனால் அமாவாசைக்கு முன்பே பத்து நாளுக்கு வேண்டியதை எடுத்து வைக்கும் வேலை பெண்களுக்கு.

புரட்டாசியே நம் பக்கத்தில் வீட்டு வேலைகளுக்கான மாதம். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று பருவங்களைப் பிரித்தார்களே, அந்தக் கணக்கு வைகைக் கரைச் சமவெளியில் இன்றும் ஏறக்குறையப் பொருந்துகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மரம் காயாது, பெயிண்ட் காயாது, மண்ணும் காயாது. எனவே ஓடு மாற்றுவது, சன்னல் கதவுக்கு எண்ணெய் பூசுவது, பரணை ஒழிப்பது, படி கட்டுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் சேர்ந்து வேலை பார்த்து, சேர்ந்து சண்டை போடும் மாதம்.

மண் காயாது என்றேன். அந்தக் கவலை நம்மைவிட விளாச்சேரிக்காரர்களுக்கு அதிகம். பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கம் இருக்கும் விளாச்சேரியைத் தெரியாத மதுரைக்காரர் இருக்க முடியாது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று வருஷம் முழுவதும் மண்ணோடு இருக்கும் ஊர். அங்கே வீடும் பட்டறையும் ஒன்றுதான். கண்மாய் மண்ணை ஊறவைத்து, கல் தூசி நீக்கி, மிதித்துப் பதமாக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு அச்சுகளில் கட்டைவிரலால் அழுத்தி, இரண்டையும் சேறு பூசி ஒட்டி, நிழலில் காயவைத்து, பிறகு வெயிலில் வைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, வர்ணம் தீட்டுவார்கள். கண் எழுதுவது கடைசியில். புருஷன் மண் மிதித்தால் பெண்டாட்டி வர்ணம் தீட்டுவார், பிள்ளைகள் வெயிலில் பரப்புவார்கள். அடுத்த படியில் நிற்பது இந்தத் தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் இருக்கும் வேளார் குடும்பங்களுக்கு மதுரை, சிவகங்கை வட்டாரத்துக் கிராமங்களில் வேறொரு பெருமை உண்டு. அய்யனார் கோயில்களில் பூசாரிகளாக இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுத்தால்தான் அவர்கள் புரவி செய்யத் தொடங்குவார்கள். கண் திறந்த புரவியை ஊரே சுமந்துகொண்டு போய்க் கோயிலில் வைக்கும். அந்த ஊரில் அவர் கையால் திருநீறு வாங்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

1966ஆம் வருஷம், எனக்குப் பத்து வயது. எங்கள் அப்பத்தா வீட்டுக்குப் புரட்டாசி பிறந்ததும் விளாச்சேரியிலிருந்து ஓர் அம்மா கூடையில் வைக்கோல் போட்டுப் பொம்மை கொண்டுவருவார். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசுவார். பேரம் முடிந்ததும் அந்த அம்மாவுக்கு மோர் வரும், திண்ணையிலேயே. அந்த வருஷம் அவர் நவராத்திரிக்குள் ஒருநாள் பாக்கிப் பணம் வாங்க வந்தார். உள்ளே கூடத்தில் கொலு ஜோராக இருந்தது. தெருவில் உள்ள அத்தனை பேரும் வந்து பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். நடுவில் தாழ்வாரத்துத் தூண் மறைத்தது. சுண்டல் இலையில் வந்தது. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஏன் அப்பத்தா அவங்கள உள்ள கூப்பிடல?" என்று கேட்டேன். "அவதான செஞ்சா, அவளுக்குப் பாக்காததா?" என்றார் அப்பத்தா. கெட்ட மனசு இல்லை அவருக்கு. பாக்கியை ஒருநாளும் நிறுத்தி வைத்ததில்லை, பழைய சேலை கொடுப்பார், பிள்ளைகளுக்குப் பலகாரம் கட்டித் தருவார். அந்தப் பதிலில் ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மேலே கேட்கத் தைரியம் வரவில்லை.

மதுரைக் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே போனார்கள். அந்தத் தேதியை உங்களை எத்தனை முறை இம்போசிஷன் எழுத வைத்திருக்கிறேன்! கோயிலுக்குச் சட்டம் வந்தது. வீட்டுக் கூடத்துக்குச் சட்டம் கிடையாது. கோயில் கதவு திறந்து இருபத்தேழு வருஷம் கழித்து, அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஒரு தூண் மறைத்தபடியே இருந்தது.

எனக்குக் கல்யாணமானது 1979இல். அவர் மில்லில் ஃபிட்டர். அடுத்த புரட்டாசியில் முதல் கொலு. "பெட்டி, டின் எல்லாம் அடுக்க வேண்டாம், நானே படி செய்றேன்" என்றார். பழைய மரக்கடையில் பேக்கிங் பெட்டிப் பலகையை எடைக்கு வாங்கி வந்தார். ஆணி பிடுங்கி, பிடுங்கிய ஆணியைத் தட்டி நிமிர்த்தி, பக்கத்துத் தெரு ஆசாரியிடம் இழைப்புளி இரவல் வாங்கி, பதினைந்து நாள் சாயங்காலம் முற்றத்தில் ஒரே சுருள் சுருளாக மரச்சீவல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நான். ஏழு படி, ஒவ்வொன்றும் எட்டு அங்குல உயரம், ஒன்பது அங்குல அகலம். பார்க்க அம்சமாக இருந்தது. அமாவாசையன்று தூக்கிக் கூடத்துக்குள் கொண்டுபோனால் வாசக்காலுக்குள் நுழையவில்லை. கூடத்தை அளந்தோம், சுவரை அளந்தோம், வாசக்காலை அளக்க மறந்துவிட்டோம். "நீதான சொல்லியிருக்கணும்" என்று அவரும், "ஃபிட்டர் நீங்களா நானா?" என்று நானும். அந்த ராத்திரியே எல்லாவற்றையும் கழற்றி, ஆணிக்குப் பதில் நட்டும் போல்ட்டும் போட்டார். அதனால்தான் எங்கள் படியைப் பிரித்து மாட்ட முடிகிறது. வருஷத்தில் மீதி நாட்களில் அந்தப் பலகைகள் என்ன ஆகின என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் நீங்கள் உட்கார்ந்து வரைபடம் குறித்தீர்களே, அந்தப் பலகைதான் இது. மூன்றாவது பலகையில் காம்பஸால் பெயர் செதுக்கியவன் இப்போது வங்கி மேலாளர். பெயர் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் நான் விளாச்சேரிக்கு நேரில் போய் அதே அம்மாவிடம் பொம்மை வாங்கினேன். "கொலுவுக்கு ரெண்டு பேரும் வாங்க" என்று குங்குமம் கொடுத்து அழைத்தேன். வருவார்கள் என்று நம்பவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். அவர் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "கால்ல மண்ணு டீச்சரம்மா, நான் இங்கனயே நிக்கிறேன்" என்றார். என் வீட்டுக்காரர் போய், "அண்ணே, நானும் கிரீஸ் கையோடதான் நிக்கிறேன். உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போனார்.

அந்த அம்மா படி படியாகப் பார்த்தார். செட்டியார் பொம்மையை ஒரு படி கீழே இறக்கச் சொன்னார். தவழும் கிருஷ்ணனை எடுத்துத் திருப்பினார். உள்ளே கூடாக இருக்கும் அல்லவா, அதைக் காட்டி, "இந்தா பாருங்க, இது இவுக விரலு" என்றார். மண்ணை அச்சில் அழுத்திய கட்டைவிரல் தடம், ரேகை தெரிய, சுட்டு இறுகிப்போய் இருந்தது. அவர் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அத்தனை வருஷமாகக் கொலு பார்த்திருந்தும், நான் அதுவரை ஒரு பொம்மையைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

இதோடு முடித்தால் நான் நல்ல பெயரோடு போய்விடலாம். முடிக்க முடியாது. காபி கொடுத்தேன், எல்லோருக்கும் கொடுக்கும் எவர்சில்வர் டம்ளரில். குடித்து முடித்ததும் அந்த அம்மா எழுந்து, தன் டம்ளரைத் தானே கழுவி வைக்க முற்றத்துப் பக்கம் நடந்தார். பழக்கம். "வேண்டாம், வைங்க" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆயிற்று. சொன்னேன். ஆனாலும் அந்த ஒரு நொடி ஆயிற்று. பி.எட். படித்தவள், ஆலயப் பிரவேசம் நடத்துகிறவள், நானேதான் குங்குமம் கொடுத்து அழைத்தவள். அந்த நொடியில் எனக்குள் அப்பத்தா வீட்டுத் தூண் நின்றது. இத்தனை வருஷமாக வகுப்பில் இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

என் அம்மா மறுநாள் காலையில், "அடுத்த வருஷம் அவுகளுக்கு ரவிக்கைத் துணி எடுத்து வைக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவும் இல்லை. பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தம்பதி எங்கள் கொலுவுக்கு வந்தார்கள்.

சரஸ்வதி பூசையன்று எங்கள் வீட்டில் கடைசிப் படியில் என் புத்தகங்களும் அவருடைய உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ஸ்பேனரும் சேர்ந்தே இருக்கும். சந்தனம், குங்குமம் எல்லாவற்றுக்கும் பொது. ஒரு வருஷம் அந்த அம்மா மடியிலிருந்து ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, "இதையும் வைங்க டீச்சரம்மா" என்றார். கண் எழுதும் தூரிகை. ஆயுத பூசை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது. மறுநாள் விஜயதசமிக்கு வந்து எடுத்துப் போனார்.

இந்த வருஷம் அவருக்குக் கை நடுங்குகிறது. உளி பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பலகைகளை இறக்கினோம். நாற்பத்தைந்து வருஷமாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும் நட்டு போல்ட்டுகளைப் பேத்தி தரையில் கொட்டிப் பரப்பினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "அது இல்ல, அடுத்தது. வாசர் போடு. இறுக்காத, எல்லாத்தையும் மாட்டிட்டு அப்புறம் இறுக்கு" என்று சொல்லச் சொல்ல, அவள் மாட்டினாள். ஐந்தாவது படி கொஞ்சம் ஆடுகிறது. அட்டையை மடித்துக் கொடுத்திருக்கிறோம்.

விளாச்சேரித் தம்பதி இப்போது இல்லை. அவர்கள் மருமகள் தொழில் பார்க்கிறார். அவரையும் அழைத்திருக்கிறோம்.

சென்னைப் பிள்ளைக்கு என் பதில் இதுதான். இரும்புப் படியோ, மரப்படியோ, அட்டைப் பெட்டியோ, உன் வசதி. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து மாட்டுங்கள், வாசக்காலை அளக்க மறக்காதீர்கள். கொலு என்றால் அவை. ஒரு காலத்தில் அவைக்கு யார் வரலாம் என்று ராஜா தீர்மானித்தார், பிறகு அப்பத்தா தீர்மானித்தார், இப்போது நீ தீர்மானிக்கப் போகிறாய். உன் அடுக்குமாடியில் குப்பை எடுக்க வருகிறவர், காவலுக்கு நிற்பவர், பாத்திரம் தேய்க்கும் அக்கா, பொம்மை விற்ற கடைக்காரர், இவர்களைப் பட்டியலில் முதலில் எழுது. வாசலில் வைத்துச் சுண்டலை நீட்டாதே. உள்ளே அழைத்து உட்கார வை. டம்ளரை நீ வாங்கி வை, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல்.

மதுரைப் பக்கம் இருப்பவர்கள் ஒன்பது நாளில் எந்தச் சாயங்காலமும் வரலாம். வரும்போது உங்கள் வீட்டுப் பழைய பொம்மை ஒன்றைக் கொண்டுவாருங்கள். திருப்பிப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்